ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு கைப்பிடி அரிசி

பொங்கல் கழிந்த வாரத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திருநெல்வேலி போய்வந்தேன். அருவிக் குளியலையும் அல்வாக்கடை வரிசையையும் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த முறை இரண்டு பக்கமும் போகவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதைத் திருத்தத்தான் போனேன்.

இப்போது நான் இருப்பது ஓசூரில். வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. டிசம்பரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் கடல் தாண்டினால் என்னென்ன வம்பு வரும் என்பதுதான் பாடம். எனக்குக் கேட்கவா வேண்டும்? நெல்லையில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த சின்ன கிரைண்டர் கம்பெனியின் கதைகளை எடுத்துவிட்டேன். கடைசியாக, பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா எல்லாப் பெட்டியிலும் அரிசி போட்டு, ஆஸ்திரேலியாவில் கண்டெய்னரே மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தருமபுரிப் பெண் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, "அப்போ 'உள்ள செடிகொடி, தானியம் எதுவும் இல்ல'ன்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டது யாரு சார்?" என்று கேட்டாள். பாடவேளை முடிந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று மதியமே விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஓசூரிலிருந்து நாகர்கோவில் போகும் ரயிலில் மாலையில் ஏறினால் விடியும் நேரத்தில் திருநெல்வேலி ஜங்ஷன். ஸ்லீப்பர் டிக்கெட் 385 ரூபாய். ஜங்ஷன் எதிரே ஒரு லாட்ஜில் நாளைக்கு 850 ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் காலை எட்டு மணிவரைதான். குளித்துவிட்டு, நாலு இட்லியும் ஒரு வடையும் 62 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். இட்லியைப் பிட்டதுமே இது எத்தனை நிமிடம் அரைத்த மாவு என்று கணக்குப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. உளுந்து இன்னும் ஐந்து நிமிடம் ஓடியிருக்கலாம்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் கம்பெனிக்கு ஆட்டோ 160 ரூபாய், ஒன்பது கிலோமீட்டர். கம்பெனியின் பெயர் வேண்டாமே. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஆட்டோக்காரர் வழி கேட்டார். நான் கம்பெனிப் பெயரைச் சொன்னதும், "அது கூரியர் குடோன்லா?" என்றார். "கிரைண்டர் கம்பெனி" என்றேன். "அதான்வே, அந்தக் கட்டடத்துல பாதி குடோனாயி வருசம் ஏழாச்சு. நீரு எந்தக் காலத்துல இருக்கீரு?" என்று சிரித்தார்.

உண்மையில் நான் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். ஒரு சோதனைக்கூடம் இருந்தது. காலை பத்து மணிக்கு நாற்பது கிரைண்டர்களையும் ஒன்றாக ஓடவிடுவோம். அண்ணாச்சியின் கட்டளை, எந்த மெஷினும் ஒரு ஈடு மாவு அரைத்துக் காட்டாமல் வெளியே போகக்கூடாது. கல் சுற்றும் சத்தமும் ஊறிய உளுந்தின் வாசனையும் சேர்ந்து அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலே பசிக்கும். மாலையில் ஆளுக்கொரு தூக்குவாளியில் மாவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒன்பது வருடத்தில் நான் மாவுக்கென்று கடை வாசலை மிதித்ததில்லை. மனுஷன் சந்தோஷமாக இருந்தான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

அப்போது எங்களுக்கு வெளிநாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. தமிழர்கள் இருக்கும் ஊரிலெல்லாம் நம் கல் சுற்ற வேண்டும் என்று அண்ணாச்சி சொல்வார். சுற்றியது, ஆனால் சும்மா சுற்றவில்லை. சவுதிக்கு அனுப்பிய முதல் ஐம்பது மெஷினும் மாவைச் சூடாக்கிவிட்டன, இட்லி கல்லாக வந்தது. அங்கே மின்சாரம் அறுபது ஹெர்ட்ஸ், நமக்கு ஐம்பது. மோட்டார் தலைதெறிக்க ஓடியிருக்கிறது. சிங்கப்பூரில் மாடி வீட்டில் காலை ஐந்து மணிக்கு அரைக்கிறார்கள், கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுக்கிறார் என்று கடிதம் வந்தது. அடியில் ரப்பர் கால் வைத்தோம். லண்டனுக்குப் போன பெட்டிகளில் கல்லின் கனம் தாங்காமல் அட்டை கிழிந்து, கல் ஒரு பக்கமும் டிரம் ஒரு பக்கமுமாக இறங்கின. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளக், ஒரு சான்றிதழ், ஒரு கட்டுத் தாள். எல்லாம் இங்கிலீஷில் வரும். கம்பெனியில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒரே ஆள் நான்.

அரிசிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பாத்திரத்தை யாருக்கும் வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள், தெரியும்தானே? கம்பெனி தொடங்கிய நாளிலிருந்தே, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கிரைண்டருக்குள்ளும் ஒரு கைப்பிடி பச்சரிசியும் ஒரு மஞ்சள் கிழங்கும் காகிதப் பொட்டலத்தில் போட்டு அனுப்புவது வழக்கம். அண்ணாச்சியே சொல்லி வைத்தது அது. பேக்கிங் பிரிவில் இசக்கியக்கா அதைச் செய்வார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினம் ரயிலில் வந்து போகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துபாய்க்கும் மலேசியாவுக்கும்கூட அரிசியோடுதான் போனது. யாரும் கேட்டதில்லை. மலேசியாவிலிருந்து ஒரு அம்மா, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து அழுதுவிட்டதாக எழுதியிருந்தார். கடிதத்தை அண்ணாச்சி சட்டம் போட்டு மாட்டினார்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே மண், விதை, வைக்கோல் எதுவும் உள்ளே போகக்கூடாது. வாங்குபவர் பதினொரு பக்கத்துக்கு விதிமுறை அனுப்பியிருந்தார். நான் படித்தேன். வைக்கோலை நிறுத்தி அட்டை வைத்தேன், மரச்சட்டங்களை மாற்றினேன். அரிசியை நிறுத்தச் சொல்ல மறந்தேன். ஏற்றும் நாளில் நம்பர் சரிபார்க்க ஒரு பெட்டியைத் திறந்தபோது பொட்டலம் கண்ணில் பட்டது. அந்த நிமிடமே ஞாபகம் வந்துவிட்டது. லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது, 312 பெட்டி, எல்லாவற்றையும் பிரித்தால் கப்பல் போய்விடும். பெட்டியை மூடினேன். தானியம் எதுவும் இல்லை என்று கையெழுத்தும் போட்டேன்.

அங்கே துறைமுகத்தில் முதல் பெட்டியிலேயே பிடித்துவிட்டார்கள். வாங்குபவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். செய்தி வந்த அன்று காலை, ஷிப்டுக்கு வந்த எண்பது பேருக்கும் முன்னால், கம்பெனி வாசலில் வைத்து அண்ணாச்சி இசக்கியக்காவைக் கேட்டார். "நாந்தான் போட்டேன் அண்ணாச்சி, எப்பவும் போடுததுதான" என்றார் அக்கா. அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வேண்டாம்னு நீரு இவகிட்டச் சொன்னீரா, இல்லியாவே?"

"சொன்னேன் அண்ணாச்சி" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அடுத்த மூன்று நாளும் அதே ரயிலில் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். நான் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன். அடுத்த வருடம் ஓசூரில் வேலை கிடைத்து ஊரைவிட்டே கிளம்பிவிட்டேன்.

இந்த முறை அண்ணாச்சியை முதலில் பார்த்தேன். எழுபத்து நாலு வயது. கட்டடத்தின் மிச்சப் பாதியில் எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள், உள்ளூர் கடைகளுக்கு மட்டும் அனுப்புகிறார்கள். சோதனைக்கூடத்தில் மூன்று கிரைண்டர்கள் ஓடின. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "நீரு இருந்தவரைக்கும் நாலு நாடு பாத்தோம்வே. எல்லாம் அவ போட்ட ஒரு கைப்பிடி அரிசியோட போச்சு" என்றார். இதுதான் சமயம். வாயைத் திறந்தேன். டீ வந்தது. டீயைக் குடித்தேன். டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. முதலில் அக்காவிடம் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜங்ஷனிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடைக்குறிச்சிக்கு டிக்கெட் பத்து ரூபாய். ஏறத்தாழ ஒரு மணி நேரம். வலது பக்கம், இடது பக்கம் என்று ஜன்னல் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, இரண்டு பக்கமும் வயல்தான். நாற்று நட்டுப் பச்சை கட்டியிருந்தது. சேரன்மகாதேவியில் பத்தமடைப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒரு குடும்பம் ஏறியது. கல்யாணச் சீர் போல. பாய் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா இந்த வழியில்தான் தினமும் வந்தார், அந்த மூன்று நாளும் இதே வழியில்தான் திரும்பினார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஸ்டேஷனில் இறங்கி விசாரித்தால் மாவுக்கடை இசக்கியம்மா வீடு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. பத்து நிமிட நடை. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் எங்கள் மெஷின் இல்லை என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருடைய கணவர் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, மெல்லிய குரலில் பேசுகிறவர். அரைமணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிப் பொருள் இந்த வாசப்படி ஏறக்கூடாது என்று சொன்னதே அவர்தானாம். "ரேசன் கடை வரிசையில நின்னாக்கூட, அரிசியப் போட்டுக் கம்பெனியப் படுக்க வச்சவ இவதான்னு பேசுவாவ சார். ரெண்டு வருசம் இவ தெருவுல தலைநிமிந்து நடக்கல" என்றார்.

அவர் உள்ளே போனதும் நான் அக்காவிடம் சொன்னேன். மறந்தது, பெட்டியைத் திறந்து பார்த்தது, கையெழுத்துப் போட்டது, வாசலில் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அக்கா டிரம்மிலிருந்து மாவை வழித்துக்கொண்டே கேட்டார்.

"இதச் சொல்லவா அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திய?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியாத சங்கதியா சார் இது? நீங்க எங்கிட்டச் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவுககிட்டல்லா போய்ச் சொல்லணும்." கையைக் கழுவினார். "அண்ணாச்சியப் பாத்தாச்சா?"

"காலையில பார்த்தேன்."

"சொன்னியளா?"

அக்கா இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மாவு நிறுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "கோவமெல்லாம் இல்ல சார். இருந்துட்டுப் போச்சு. ஆனா அந்தா உள்ள இருக்காரே, அந்த மனுசன் பட்ட அவமானத்துக்கு நான் என்ன செய்ய?" என்றார். ஒரு கிலோ மாவைக் கட்டி என்னிடம் நீட்டினார். ஓசூருக்கு எப்படிக் கொண்டுபோவது? வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே திரும்பும் ரயில் டிக்கெட் பையில் இருந்தது. தாமிரபரணிப் படித்துறைக்குப் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. எதிர்க்கரையில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மணி நேரம் இருந்தேன். எடுத்த முடிவு எதுவும் வீரமானதில்லை. திரும்பிப் போய் அந்தத் தருமபுரிப் பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம்தான். பாபநாசத்திலிருந்து வந்த பஸ்ஸில் 35 ரூபாய் டிக்கெட் எடுத்து, ஆறு மணிக்கு மறுபடி அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். மாவையும் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீரு அன்னிக்கே பொய்தான் சொல்லுதீருன்னு எனக்கு அரைகுறையாத் தெரியும்வே. உம்ம மூஞ்சி அப்படி இருந்துச்சு" என்றார் பைய. "உம்ம வெளிய அனுப்பிட்டா அந்த இங்கிலீஷ் தாளையெல்லாம் யாரு படிப்பா? அதான் அவளை அனுப்புனேன். அரிசி போடச் சொன்னதே நாந்தான. அதையும் அன்னிக்கு நான் சொல்லலையே."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கார் எடுக்கச் சொல்லுதேன். நீரும் வரணும்" என்றார்.

பயணக் குறிப்புகளை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத எனக்கு மனம் வராது. கல்லிடைக்குறிச்சிக்கு ரயில்தான் நல்லது. ஒரு நாளைக்கு நாலைந்து பாசஞ்சர்தான் இருக்கும், நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். ரயில் தவறினால் புதிய பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ், ஒன்றேகால் மணி நேரம். தை, மாசியில் போனால் வயலும் ஆறும் பார்க்க நன்றாக இருக்கும். படித்துறையில் கடைசிப் படிக்கு அப்பால் ஆழம், நீச்சல் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம். ரத்து செய்த டிக்கெட், லாட்ஜில் கூடுதல் நாள் எல்லாம் சேர்த்து எனக்கு மொத்தம் 3,900 ரூபாய் ஆனது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குபவர் அனுப்பும் விதிமுறைகளைத் தமிழில் எழுதி, பேக்கிங் செய்கிறவர்கள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். மோட்டாரையும் பிளக்கையும் எந்த நாட்டுக்கும் மாற்றிவிடலாம். நாம் நல்லது என்று நினைத்துச் செய்வதைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ஏதாவது தப்பு நடந்தால், முதலில் நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள்.

மறுநாள் எட்டேகாலுக்கு அக்கா கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாவு வாங்கும் நேரம், கடை முன்னால் ஏழெட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். அண்ணாச்சி காரைவிட்டு இறங்க நான் கை கொடுத்தேன். அவரைப் பார்த்ததும் அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பழைய பழக்கம்தான். அண்ணாச்சி கடையை நெருங்கி, தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் கேட்கும் குரலில், "தப்பு ஒம்மேல இல்ல தாயி. எம்மேலதான்" என்றார்.

அக்கா தலையாட்டினார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. அவருக்குக் காது கேக்காது."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அண்ணாச்சிக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். பாத்திரத்தோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, நாலு வீடு தள்ளிக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கணவர் வாசலுக்கு வந்து நின்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்க சார்?"

சொன்னேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.